தேருக்கு வராத பிள்ளைகள்

“முட்டிய மடக்காத. குதிகால் பலகையில ஒட்டணும். அசையாத, அசையாத... ம், எறங்கு.”

ஜீவராஜ் இதைச் சொல்லும்போது பக்கத்தில் நிற்கிற பெரியவர்களும் தங்களை அறியாமல் முதுகை நிமிர்த்துவார்கள். அது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் குரலில் கொஞ்சம் அதிகாரத்தைக் கூட்டிக்கொள்வார். பிள்ளையின் முழங்காலை இடது உள்ளங்கையால் அழுத்தி, மோவாயை இரண்டு விரலால் நிமிர்த்தி, தலைக்கு மேலுள்ள சட்டத்தை இறக்கி, எண்ணை வாய்விட்டுப் படித்து, இறங்கச் சொல்லி, மறுபடியும் ஏற்றுவார். இரண்டு முறை அளக்க வேண்டும் என்பது விதி. இரண்டு முறையும் ஒரே எண் வந்துவிட்டால், தானே பரீட்சையில் பாஸானது போல அவர் முகம் மலரும்.

அவர் ஒரு கள உத்தியோகத்தர். மூன்று மொழியிலும் அப்படி அச்சடித்த அட்டை வைத்திருக்கிறார். தேநீர்க்கடையில்கூட எடுத்து நீட்டுவார். 2013இல் மாத்தளைக்கு மேலேயுள்ள ஐந்து தோட்டங்களில் பிறந்த நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளை, பதினெட்டு வயது வரைக்கும், வருடத்துக்கு ஒரு தரம் அளந்து எழுதிவைப்பது என்று கொழும்பிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனம் தீர்மானித்தது. நிதி வெளிநாட்டிலிருந்து, அளக்கிற கை ஜீவராஜிடமிருந்து. லயத்து வரிசை வீட்டில் பிறந்து, தோட்டப் பாடசாலையில் படித்து, உயர்தரப் பரீட்சையில் ஒரு பாடத்தைக் கோட்டைவிட்டு, மாத்தளை டவுனில் இரும்புக்கடைக்கு மேல்மாடியிலுள்ள ஆய்வுக் கந்தோரில் ஒரு மேசையைப் பெற்றவர். அங்கே மின்விசிறியும் உண்டு. அது அவர் பக்கம் திரும்பாது.

அளந்து அளந்து அவர் கண்ணே அளவுகோலாகிவிட்டது. பஸ்ஸில் ஏறுகிற ஆளைப் பார்த்தால் “நூத்தி அறுபத்திநாலு” என்று முணுமுணுப்பார். கல்யாண வீட்டில் மணப்பெண்ணை மேடைக்கு அழைத்து வரும்போது மற்றவர்கள் சேலையையும் நகையையும் பார்ப்பார்கள். இவர் மனைவியின் காதருகே குனிந்து, “நாப்பத்தொம்பது கிலோ. ரத்தம் காணாது” என்பார். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பிழைத்ததில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். சோதித்துப் பார்த்த ஒன்றிரண்டு பேரும் அதை மறுக்கவில்லை.

ஆய்வுப் பிள்ளைகளை அவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை. “நூத்திப் பதினாலு பெரிய மனுசியாயிட்டா.” “இருநூத்தி ஏழு சைக்கிள்லேர்ந்து விழுந்து கைய ஒடச்சிக்கிட்டான்.” பிள்ளைகளின் இரகசியம் காக்க வேண்டும், பெயர் வெளியே போகக் கூடாது என்று முதல் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்களாம். அந்தப் பயிற்சியில் சொன்ன மற்ற எல்லாவற்றையும் மறந்தவர், இதை மட்டும் பக்தியோடு பிடித்துக்கொண்டார். பெற்றவளிடமே போய், “எங்க நம்ம அறுபத்திரெண்டு?” என்று கேட்பார். அவளும் பழகிப்போய், “கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் பக்கம் வெளையாடுறான் அண்ணே” என்பாள்.

எந்தப் பேச்சையும் அவர் ஒரே வசனத்தில் முடித்துவைப்பார்: “நம்மகிட்ட டேட்டா இருக்கு.” குழாயில் தண்ணீர் வராத சண்டையிலும் அதுதான், கோயில் கமிட்டிக்கு யார் தலைவர் என்ற வாக்குவாதத்திலும் அதுதான். என்ன டேட்டா என்று திருப்பிக் கேட்டவர் இதுவரை இல்லை.

கேட்டிருக்க வேண்டும். ஐந்தில் ஒன்றான வெள்ளிக்கந்தைத் தோட்டத்தின் கீழ் டிவிஷன் தார் ரோட்டை ஒட்டியிருக்கிறது. ஜீவராஜின் மோட்டார் சைக்கிள் லயத்து வாசல்வரை போகும், போய் நின்றதும் பிளேன்டீ வரும். மேட்டு டிவிஷனுக்கு ரோட்டில்லை. பலகையையும் தராசையும் சுமந்துகொண்டு முக்கால் மணி நேரம் ஏற வேண்டும். மழை நாளில் காலில் அட்டை, வெயில் நாளில் நெஞ்சில் மூச்சு. ஆகவே கீழ் டிவிஷன் பிள்ளைகளை வருடத்துக்கு ஒரு தரம் அளக்கச் சொன்னால் மூன்று தரம் அளந்தார். மேட்டு டிவிஷனுக்குக் காலையில் ஒரு தரம் போய், பூட்டிய கதவுகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, “குடிபெயர்ந்துவிட்டனர்” என்று எழுதிக்கொண்டு இறங்கினார். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனவள் நாலரை மணிக்கு வீடு திரும்புவாள் என்பது, தோட்டத்தில் பிறந்த அவருக்குத் தெரியாத விஷயமல்ல.

படிவத்தில் மூன்று பெட்டிகள் உண்டு: குடிபெயர்ந்தார், மறுத்தார், கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்றாவதில் அடையாளம் போட்டால் குற்றம் தேடப் போனவருடையது. முதலாவதில் போட்டால் குற்றம் போனவருடையது. அதனால் ஜீவராஜ் முதலாவதையே விரும்பினார். நியாயமாகச் சொன்னால் நிறையப் பேர் உண்மையாகவே போயிருந்தார்கள். கொழும்புக்கும் வத்தளைக்கும் கடை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போனவர்கள், தாய் வெளிநாடு போக உறவினர் வீட்டில் விடப்பட்டவர்கள் என்று பலர். பன்னிரண்டாம் வருடம் கையில் இருந்தவர்கள் இருநூற்று முப்பத்தொரு பேர். நூற்று எண்பத்தொரு பேரைக் காணவில்லை.

அதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். அதே நிதியில்தான் ஐந்து தோட்டத்துப் பாடசாலைகளிலும் பகல் சாப்பாடு போடுகிறார்கள்: சோறு, பயறு, ஓர் அவித்த முட்டை. பிள்ளைகள் அதை முட்டைச் சோறு என்பார்கள். வெள்ளிக்கந்தையில் அதை ஆக்குகிறவள் மேட்டு டிவிஷன் சந்திரகாந்தா. பிள்ளைகள் போதுமான அளவு வளர்ந்துவிட்டார்கள் என்று ஆய்வு சொன்னால் முட்டை நின்றுவிடும். வளரவில்லை என்று சொன்னால் தொடரும்.

ஸஹ்ரா மாத்தளை டவுன் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் புள்ளிவிவரம் படித்துவிட்டுக் கொழும்பு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறாள். இருபத்தெட்டு வயது. ஜீவராஜ் அவளை மெடம் என்பார், அவள் இவரை அண்ணே என்பாள். போன சித்திரையில் ஒருநாள் போனில் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, கையில இரிக்கிற புள்ளைகள் எல்லாம் ரோட்டோரத்துப் புள்ளைகளாத்தானே இரிக்கி? இவங்கள மட்டும் வெச்சி சராசரி போட்டா அது தோட்டத்துட சராசரி ஆகாதே.”

“மேல மனுசங்களே இல்லீங்க மெடம். நம்மகிட்ட டேட்டா இருக்கு.”

“இல்லாதவங்களப் பத்தின டேட்டா எப்பிடிண்ணே நம்மகிட்ட இரிக்கும்?”

பிறகு பொறுமையாக விளக்கினாள். காணாமல் போனவர்களில் கொஞ்சப் பேரையாவது தேடிப் பிடிக்க வேண்டும். அவர்களுடைய எண்களுக்குக் கூடுதல் பாரம் கொடுத்து, மற்றவர்களுக்கும் சேர்த்து அவர்களையே பேச வைக்க வேண்டும். ஒரு பிள்ளை ஐந்து பிள்ளைக்குச் சமமாக நிற்கும். ஜீவராஜுக்குக் கணக்கு பாதிதான் விளங்கியது. தேடிப் பிடிக்க வேண்டும் என்பது மட்டும் முழுவதுமாக விளங்கியது. அதற்கு அவரிடம் ஒரு யோசனை இருந்தது, அதை நினைத்து அவரே தன் முதுகைத் தட்டிக்கொண்டார்.

வைகாசியில் வெள்ளிக்கந்தை மாரியம்மனுக்குத் திருவிழா. எங்கே போன தோட்டத்து ஆளும் தேருக்கு வந்துவிடுவான். கொழும்புக்கு ஏன் போக வேண்டும், கொழும்பே வருகிறதே! கோயிலுக்குப் பக்கத்தில், ஐஸ்கிறீம் வானுக்கு அடுத்ததாக, நீலத் தறப்பாளில் ஒரு கொட்டகை போட்டார். பலகையை நிறுத்தினார். காணாமல் போன செருப்பு பற்றிய அறிவித்தலுக்கும் அன்னதானம் பற்றிய அறிவித்தலுக்கும் நடுவே, 2013இல் பிறந்த பிள்ளைகளைக் கொட்டகைக்கு அழைத்து வரும்படி ஒலிபெருக்கி கூப்பிட்டது. இரண்டு நாளில் முப்பத்தெட்டுப் பேர் கிடைத்தார்கள்.

வந்தவர்கள் சும்மா வரவில்லை. வானில் வந்தார்கள், பையன்கள் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள், பெண்பிள்ளைகளின் பாவாடைச் சரிகை கண்ணைப் பறித்தது. வத்தளையிலிருந்து வந்த ஒரு தாய் மகனைத் தராசில் ஏற்றிவிட்டு, பக்கத்தில் நின்ற நாத்தனாருக்குக் கேட்கும்படி, “நல்லாப் பாருங்கண்ணே, போன மாசமே நாப்பத்திரெண்டு இருந்தான். தெனம் கோழி இல்லாம சோறு எறங்காது இவனுக்கு” என்றாள். இன்னொரு தகப்பன் ஒட்டி உலர்ந்த மகனோடு கொட்டகை வரைக்கும் வந்து, வரிசையில் நின்ற பையன்களைப் பார்த்தான். “இவனுக்கு நேத்துலேர்ந்து வயித்தால போகுதுங்க, அடுத்த வருசம் பாத்துக்கலாம்” என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டான். ஜீவராஜ் “மறுத்தார்” என்று பதிந்துகொண்டார்.

மோர் வாளியோடு போன சந்திரகாந்தாவை நிறுத்தி, “ஒங்க லயத்து நிஷாந்தி வரலியா? அவ மக முன்னூத்திப் பதினெட்டு வேணுமே” என்று கேட்டார்.

“அவ எங்கங்க வருவா? புருசன் விட்டுட்டுப் போயி மூணு வருசமாச்சி. தம்புள்ளையில எங்கயோ வெங்காயம் பொறுக்குறாளாம். கைய வீசிக்கிட்டு தேருக்கு வந்து நிக்க முடியுங்களா? புள்ளைக்கு ஒரு புதுச் சட்டையாவது வேணாமா?”

ஜீவராஜ் தலையாட்டினார். அதை எழுதிக்கொள்ளவில்லை, அதற்குப் படிவத்தில் பெட்டி இல்லை.

முப்பத்தெட்டுப் பேரும் தோட்டத்திலேயே இருந்த பிள்ளைகளைவிட உயரமாகவும் பாரமாகவும் இருந்தார்கள். காணாமல் போன நூற்று எண்பத்தொரு பேருக்கும் அவர்களே பேசினார்கள். சராசரி எகிறியது. ஆய்வுக்குப் பொறுப்பான டொக்டர் கொழும்பில் துள்ளிக் குதித்தார். தோட்டத்தை விட்டுப் போன பிள்ளைகள் செழித்திருக்கிறார்கள், இருக்கிற பிள்ளைகளும் பரவாயில்லை! ஜீவராஜின் யோசனைக்குத் ‘திருவிழா முறை’ என்று பெயர் வைத்தார். ஆவணியில் சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் கருத்தரங்கு, அங்கே முட்டைச் சோற்றை நிறுத்துகிற அறிவிப்பு, ஜீவராஜுக்குச் சிறந்த கள உத்தியோகத்தர் என்று ஒரு கேடயம். ஜீவராஜ் புதுச் சப்பாத்து வாங்கினார். கேடயம் செய்கிற கடைக்கே போன் போட்டு, தன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார்.

கருத்தரங்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஸஹ்ரா மறுபடியும் அழைத்தாள்.

“அண்ணே, தேருக்கு வராதவங்க யாரு?”

“அவங்க வர வசதியில்லாதவங்க மெடம்” என்றார் ஜீவராஜ், யோசிக்காமல்.



“அதத்தான் நானும் கேட்டேன்” என்றாள் ஸஹ்ரா. “முப்பத்தெட்டுப் பேரும் தேருக்கு வந்தவங்களுக்குத்தான் பேசுவாங்க. மத்த நூத்தி நாப்பத்தி மூணு பேருக்கு யாரு பேசுற? டொக்டர்ட்ட மூணு தரம் சொல்லிட்டேன். ரிப்போர்ட் அச்சுக்குப் போயிட்டாம்.”

ஜீவராஜ் தன்னிடம் டேட்டா இருப்பதாகச் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு வெகுநேரம் மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் சப்பாத்து வாங்கியாகிவிட்டதே. மறுநாள் அதைப் போட்டு நடந்து பழகினார்.

கருத்தரங்கு நாள் காலையில் தம்புள்ளையில் இறங்கி சீகிரியா பஸ்ஸுக்குக் காத்திருந்தார். தோளில் பலகை, கையில் தராசு. வெள்ளைக்காரர்களுக்கு அளந்து காட்ட வேண்டும் என்று டொக்டர் கொண்டுவரச் சொல்லியிருந்தார். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் நாலைந்து பெண்கள் வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி சருகைக் கூடையில் அள்ளி வெளியே கொண்டுவந்து கொட்டினாள். “நூத்தி முப்பது” என்றது அவர் வாய். எட்டு வயது, மிஞ்சினால் ஒன்பது இருக்கும் என்று நினைத்தார். அப்போது கொட்டகைக்குள்ளிருந்து நிமிர்ந்த ஒருத்தி, பலகையையும் அவரையும் பார்த்துவிட்டுச் சட்டென்று மூட்டைக்குப் பின்னால் மறைந்தாள். நிஷாந்தி. அப்படியென்றால் சருகு கொட்டியவள் முன்னூற்றுப் பதினெட்டு. அவளுக்குப் பன்னிரண்டு வயது.

“சீகிரிய, சீகிரிய” என்று கத்திக்கொண்டு பஸ் வந்து நின்றது. ஜீவராஜ் ஒரு காலைப் படியில் வைத்தார். இனி யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. குடிபெயர்ந்தார் என்ற பெட்டியில் அடையாளம் ஏற்கெனவே போட்டாயிற்று. நடத்துனர் ஏறச் சொல்லி இரண்டு முறை கத்தினான், மூன்றாம் முறை ஏதோ திட்டினான், பஸ் போய்விட்டது.

ரோட்டைக் கடந்து வந்தவரை நிஷாந்தி கையெடுத்துக் கும்பிட்டாள். “அண்ணே, தோட்டத்துல போயி சொல்லிராதீங்க. இவளத் தெனம் கூட்டியாறதில்லீங்க. இன்னைக்கு மட்டுந்தான்.”

சிறுமியின் நகக்கண்களெல்லாம் வெங்காயக் கறை ஊறிக் கறுத்திருந்தன.

“சொல்ல மாட்டேம்மா. ஒரே ஒரு அளவு எடுத்துக்கட்டுமா?”

“எதுக்குங்க? தேர்ல எல்லாப் புள்ளைகளும் குண்டு குண்டா நின்னுச்சாம், சந்திரகாந்தாக்கா போன்ல சொன்னாங்க. இவள எழுதி அங்க வச்சி சிரிக்கவா?”

“பேரு போகாது. நம்பர் மட்டுந்தான் போகும்.”

அவள் குனிந்து வெங்காயத்தைப் பொறுக்கினாள். பிறகு, “அங்க முட்டைச் சோறு இன்னும் போடுறாங்களா? அதுக்காகவே ஒரு நாள் தவறாம ஸ்கூலுக்கு ஓடுவா” என்றாள்.

“இன்னைக்கு நிப்பாட்டப் போறாங்க.”

“ஏனுங்க?”

“புள்ளைங்க எல்லாம் வளந்துட்டாங்களாம்” என்றார் ஜீவராஜ்.

நிஷாந்தி தன் மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். “போயி நில்லு” என்றாள்.

நூற்று முப்பது தசம் ஒன்று. இறங்கச் சொல்லி மறுபடியும் ஏற்றினார். நூற்று முப்பது தசம் ஒன்று. பாரம் இருபத்திரண்டரை கிலோ. இரண்டு முறையும் ஒரே எண் வந்ததற்கு அன்றுதான் அவர் சந்தோஷப்படவில்லை. வெட்கமாக இருந்தது அவருக்கு. மேட்டு டிவிஷனுக்கு ஏறிப் போகாத அத்தனை நாலரை மணிகளும் நினைவுக்கு வந்தன.

“மாமா, நான் எந்த நம்பரு?” என்று கேட்டாள் சிறுமி.

“முன்னூத்திப் பதினெட்டு.”

“அத வேற யாருக்கும் குடுக்கலியா?”

“குடுக்க மாட்டாங்க, சர்மிளா” என்றார் ஜீவராஜ். பெயர் வாயில் வந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஹோட்டலுக்குப் போய்ச் சேரும்போது பகல் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. நான்கு வகைச் சோறு, மூன்று வகை இறைச்சி, வெண்ணெயில் செய்த அன்னப் பறவை ஒன்று. பிள்ளைகளின் போஷாக்கைப் பற்றி நூறு பேர் வாய்நிறையப் பேசிக்கொண்டிருந்தார்கள். திரையில் ‘இடைவெளி மூடப்பட்டது’ என்று மூன்று மொழியிலும் ஓடியது. நிகழ்ச்சி நிரலின்படி முதலில் கேடயம். அதன்பிறகு நிதி தருகிற அமைப்பிலிருந்து வந்திருந்த வெள்ளைக்கார அம்மையார், எல்லோருக்கும் ‘நோனா’, பேசுவார். முட்டைச் சோற்றுத் திட்டம் வெற்றிகரமாக நிறைவடைந்ததாக அந்தப் பேச்சின் முடிவில் அறிவிப்பார்.

ஜீவராஜ் படிவத்தை டொக்டரிடம் நீட்டினார். டொக்டர் அதைத் தன் தட்டிலிருந்த இறாலுக்கு மேலாகப் பார்த்தார். “ஒரு பிள்ளைதானே? அடுத்த சுற்றில சேர்த்துக்கொள்வோம்” என்று சொல்லிவிட்டு வட்டிலப்பம் இருந்த மேசைக்கு நகர்ந்தார்.

ஸஹ்ரா படிவத்தை வாங்கிப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

“ஒரு புள்ளையால ஒண்ணும் ஆகாதாங்க மெடம்?”

“கணக்குப் போட ஒண்ணு காணாதுண்ணே. கணக்கு பிழைன்னு காட்ட ஒண்ணு போதும்.” அவள் பேனாவை எடுத்து, படிவத்தின் அடியில் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினாள். இந்தப் பிள்ளை திருவிழாவுக்கு வரவில்லை. வராத இன்னும் நூற்று நாற்பத்திரண்டு பேரை நாங்கள் பார்க்கவேயில்லை. எழுதிக் கையொப்பமிட்டு அவரிடமே கொடுத்தாள். “நான் குடுத்தா டொக்டர் வாங்கி ஃபைல்ல வெச்சிருவார்” என்றாள்.

ஒலிபெருக்கி ஜீவராஜின் பெயரை அழைத்தது. கைதட்டல் எழுந்தது. தலைமுடியைக் கோதிக்கொண்டு, புதுச் சப்பாத்து கிறீச்சிட, அவர் மேடை ஏறினார். கேடயம் வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு அவர் மகான் இல்லை. அதை இடது கையால் வாங்கி, பெயரில் எழுத்துப் பிழை உண்டா என்று ஒரு கண் பார்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். டொக்டர் பெருமையோடு பக்கத்தில் வந்து நின்றார். படம் பிடிக்கிறவர் இன்னும் நெருங்கி நிற்கச் சொன்னார். நோனா சிரித்தபடி கைகுலுக்கக் கையை நீட்டினார். ஜீவராஜ் சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து, மடிப்பைப் பிரித்து, ஒட்டியிருந்த வெங்காயச் சருகைத் தட்டாமலே அந்தக் கையில் வைத்து, நோனாவின் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கிவிட்டார்.